பிறந்த மறுநாளே பன்றிக்குட்டியின் தரத்தைச் சொல்லிவிட முடியுமா?

கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நீங்கள் சிங்கப்பூரில் ஒரு வங்கியில் தரவு ஆய்வாளர். கால்நடைத் தரவுகளைக் கையாளும் ஒரு நிறுவனம் உங்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் காட்டிய ஸ்லைடில், பிறந்த பன்றிக்குட்டியின் காதில் துளி சதை எடுத்து, 60,000 இடங்களில் டிஎன்ஏவைப் படித்து, 'இது வளர்ந்து எத்தனை குட்டி போடும்' என்று சொல்லிவிடுவோம் என்று போட்டிருக்கிறது. இது அறிவியலா, வியாபாரப் பேச்சா என்பது உங்கள் கேள்வி. கூடவே, பன்றிப் பண்ணையே இல்லாத ஊரில் இந்த வேலை எதற்கு, பன்றியை ஈரச்சந்தையில் கொக்கியில் தொங்கி மட்டுமே பார்த்தவன் இதில் சேரலாமா, நியூரல் நெட்வொர்க் படித்துக்கொண்டு போக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன்: ஒரு விலங்கு இன்னும் செய்யாத ஒன்றை, அதன் டிஎன்ஏவை மட்டும் பார்த்து எவ்வளவு தூரம் நம்பிச் சொல்லலாம்?

நான் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, விலங்கு மரபியலில் மேற்படிப்பு முடித்து, பல வருடங்கள் பன்றி இனவிருத்தித் தரவுகளோடு மல்லுக்கட்டியவன். என் வேலை பெரும்பாலும் லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ் ஆகிய தாய்வழி இனங்களில்தான், அதாவது தாய்ப் பன்றிகளை உருவாக்கப் பயன்படும் இனங்களில். அதனால் குட்டி எண்ணிக்கை, குட்டி பிழைப்பது, தாயின் பால் இவற்றைப் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். இறைச்சித் தரத்தைப் பற்றிச் சொல்வது படித்ததும் சக ஊழியர்களிடம் கேட்டதும்.

முதலில் ஸ்லைடைத் திருத்திவிடலாம். 'இது எத்தனை குட்டி போடும்' என்று யாராலும் சொல்ல முடியாது. விந்து நன்றாக இருந்ததா, சினைப்பருவத்தின் எந்த மணி நேரத்தில் சினை ஊசி போட்டார்கள், அந்த மாதம் வெயில் எப்படி, போன ஈற்றில் பால் கொடுத்து எவ்வளவு இளைத்துப்போனது என்று அந்த எண்ணிக்கை பல விஷயங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பன்றிக்குப் பன்றி குட்டி எண்ணிக்கையில் தெரியும் வித்தியாசத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மரபுவழி வருவது. மரபுத்திறன் 0.1 என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வளர்ச்சி வேகத்துக்கு அது 0.3 பக்கத்தில் இருக்கும், முதுகுக் கொழுப்பின் தடிமனுக்கு 0.4, 0.5 வரை போகும். ஆக, குட்டி எண்ணிக்கை என்பது டிஎன்ஏவை வைத்துக் கணிக்க மிகவும் சிரமமான குணங்களில் ஒன்று. அதையே ஸ்லைடில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், ஸ்லைடு செய்தவர் பண்ணைப் பக்கம் போனவர் இல்லை என்று தோன்றுகிறது.

அப்படியென்றால் எதைத்தான் கணிக்கிறோம்? இனவிருத்தி மதிப்பை. இந்தப் பன்றி தன் வாழ்நாளில் என்ன செய்யும் என்பதை விட்டுவிட்டு, தன் பிள்ளைகளுக்குச் சராசரியாக எதைக் கடத்தும் என்று கேட்கிறோம். நூறு மகள்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் வெயிலும் தீவனமும் ஊசி போட்ட நேரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மரபு மட்டும் மிஞ்சும். 'இந்த ஆண் பன்றியின் மகள்கள் அந்த ஆண் பன்றியின் மகள்களைவிட ஈற்றுக்குச் சராசரியாக அரைக் குட்டி கூடுதலாகப் போடும்' என்பது நாங்கள் சொல்லக்கூடிய வாக்கியம். அரைக் குட்டியா என்று சிரிக்காதீர்கள். ஆயிரம் தாய்ப் பன்றி, வருடத்துக்கு இரண்டு ஈற்றுக்குக் கொஞ்சம் மேல் என்று பெருக்கிப் பாருங்கள். வருடத்துக்கு ஆயிரம் குட்டிக்கு மேல் வரும்.

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒரு தடுப்புக்குள் ஒரே ஈற்றில் பிறந்த 12 குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பனும் ஒன்று, ஆத்தாளும் ஒன்று. பழைய முறையில், அதாவது வம்சாவளிப் பதிவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், 12 குட்டிகளுக்கும் ஒரே மதிப்புதான் வரும்: அப்பனுடையதும் தாயுடையதும் கூட்டி இரண்டால் வகுத்தது. ஆனால் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகள் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? ஒவ்வொரு குட்டிக்கும் பெற்றோரிடமிருந்து வெவ்வேறு பாதி போகிறது. ஒரு இனத்துக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி இப்படி ஒரே குடும்பத்துக்குள், உடன்பிறப்புகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. வம்சாவளிப் பதிவேட்டுக்கு அந்தப் பாதி கண்ணில் படாது.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு ஈற்றில் பிறக்கும் குட்டி எண்ணிக்கையின் பரவல் (திட்ட விலக்கம்) சுமார் 3 குட்டி என்று வைத்தால், மரபு காரணமான பரவல் ஒரு குட்டிக்குச் சற்றுக் கீழே வரும், உடன்பிறப்புகளுக்குள் இருப்பது 0.7 பக்கம். அந்த 12இல் ஆறு பெண் குட்டிகள் இருந்தால், மேலானதற்கும் கடைசியானதற்கும் இனவிருத்தி மதிப்பில் ஒன்றரைக் குட்டிக்கு மேல் இடைவெளி இருப்பது சாதாரணம். பழைய முறையில் இதைத் தெரிந்துகொள்ள அவை வளர்ந்து, சினையாகி, 114 நாள் சுமந்து, இரண்டு மூன்று ஈற்று போடும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எதை வைத்துக்கொள்வது, எதை இறைச்சிக்கு அனுப்புவது என்ற முடிவு ஐந்தாறு மாதத்திலேயே எடுத்தாகிவிட்டிருக்கும். ஆண் குட்டியின் பாடு இன்னும் மோசம், அது எந்தக் காலத்திலும் குட்டி போடப்போவதில்லை. அதன் சகோதரிகளும் மகள்களும் போட்டுக் காட்ட வேண்டும். மரபணுத்தொகைக் கணிப்பு, அதாவது டிஎன்ஏ முழுக்கப் பார்த்து இனவிருத்தி மதிப்பைக் கணிப்பது, நுழைந்தது இந்த இடுக்கில்தான். உடன்பிறப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிறது, அதையும் முடிவெடுக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே காட்டுகிறது. இது நிச்சயமான விஷயம், இதில் எந்த நிபுணரும் சண்டைக்கு வரமாட்டார்.

எப்படிச் செய்கிறோம் என்பது ஒரு தரவு ஆய்வாளருக்கு எளிதில் பிடிபடும். 2001இல் மியூவிசன், ஹேஸ், கொடார்ட் என்ற மூவர் எழுதிய கட்டுரைதான் தொடக்கம். எந்த மரபணு முக்கியம் என்று தேடுவதை விட்டுவிட்டு, மரபணுத்தொகை முழுக்கச் சீராகத் தூவிய ஆயிரக்கணக்கான அடையாளக் குறிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மதிப்புப் போடுவோம் என்றார்கள். 2009இல் பன்றிக்கான 60கே சிப் வந்தது, அதாவது டிஎன்ஏவில் ஏறத்தாழ 60,000 குறிகளை ஒரே தடவையில் படிக்கும் சில்லு. பன்றியின் மரபணுத்தொகை முழுசாக வெளியானது 2012இல், டூராக் இனத் தாய்ப் பன்றி ஒன்றின் டிஎன்ஏவை அடிப்படையாக வைத்து. உங்களிடம் 60,000 மாறிகள், சில ஆயிரம் விலங்குகள். சாதாரண ரிக்ரஷன் இங்கே உடைந்துபோகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எல்லாக் கெழுக்களையும் பூஜ்யத்தை நோக்கி இழுத்துச் சுருக்கும் ரிட்ஜ் ரிக்ரஷன். அவ்வளவுதான், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதையே திருப்பிப் போட்டு, விலங்குக்கு விலங்கு டிஎன்ஏ எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஓர் உறவு அணியாக எழுதினால் அதற்கு ஜிபிஎல்யூபி என்று பெயர். விடை ஒன்றேதான். உடன்பிறந்தவை 50 சதவீதம் பகிர்கின்றன என்பது சராசரி. உண்மையில் ஒரு ஜோடி 44, இன்னொரு ஜோடி 57 என்று இருக்கும். அந்த அணி பிடிப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

பண்ணையில் எல்லாப் பன்றிக்கும் சிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவற்றையும் பார்க்காதவற்றையும் ஒரே சமன்பாட்டில் சேர்க்கும் ஒற்றைப்படி முறை 2009, 2010 வாக்கில் உருவானது. பெரிய பன்றி இனவிருத்தி நிறுவனங்களில் இன்று ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதன் ஏதோ ஒரு வடிவம்.

ஏன் ஒரு மரபணுவைத் தேடிப் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். பிடித்துப் பார்த்த காலமும் உண்டு. ஹாலோதேன் மரபணுவின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சில பன்றிகள் லாரியில் ஏற்றும்போதே பதற்றத்தில் உடல் விறைத்துச் செத்துவிடும். பிழைத்து வந்தவற்றின் இறைச்சி வெளிறி, தண்ணீர் விட்டுக்கொண்டு, தொட்டால் தொளதொளவென்று இருக்கும். அந்தக் காலத்தில் குட்டியின் மூக்கில் முகமூடி வைத்து ஹாலோதேன் மயக்க வாயு கொடுப்பார்கள். சில நிமிடத்தில் கால்கள் கட்டைபோல் விறைத்தால் அந்தக் குட்டி ஒதுக்கப்படும். 1991இல் காரணம் தெரிந்தது: தசையில் கால்சியத்தைத் திறந்து மூடும் ஒரு புரதத்தின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதன் பிறகு மயக்க வாயு தேவைப்படவில்லை. டிஎன்ஏ பரிசோதனை செய்து, பல இனங்களிலிருந்து அதைத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு எல்லாரும், குட்டி எண்ணிக்கைக்கும் ஒரு மரபணு அகப்படும் என்று கிளம்பினார்கள். சீனாவின் மெய்ஷான் பன்றி நிறையக் குட்டி போடுவது, அதை வைத்து ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவை 1996இல் சுட்டினார்கள். சில மந்தைகளில் வேலை செய்தது, சிலவற்றில் செய்யவில்லை. குட்டி எண்ணிக்கை என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன விளைவுகளின் கூட்டு. ஒவ்வொன்றும் தனியாகக் கண்ணுக்குத் தெரியாத அளவு. அப்படிப்பட்ட குணத்துக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதே வழி.

பால் மாட்டில் இந்த முறை கொண்டுவந்த புரட்சியை அப்படியே பன்றிக்கும் சொல்லும் விற்பனையாளர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். காளையின் தரம் தெரிய, அதன் மகள்கள் பிறந்து வளர்ந்து பால் கறக்கும் வரை ஐந்து வருடமாவது காத்திருக்க வேண்டியிருந்தது. டிஎன்ஏ அந்தக் காத்திருப்பை வெட்டி எறிந்தது. பன்றியில் தலைமுறை இடைவெளி ஏற்கெனவே ஒன்று ஒன்றரை வருடம்தான், வெட்ட அதிகம் இல்லை. இங்கே லாபம் துல்லியம் கூடுவதில் வருகிறது. குறிப்பாக ஒரு பாலினத்தில் மட்டும் தெரியும் குணங்கள், காலம் கடந்து தெரியும் குணங்கள், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் குணங்கள் இவற்றில். முதுகுக் கொழுப்பை அல்ட்ராசவுண்ட் கருவியை முதுகில் வைத்து உயிரோடிருக்கும்போதே அளந்துவிடலாம். அதற்கு டிஎன்ஏ கூட்டித் தருவது குறைவு.

துல்லியம் என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது, நேர்முகத்தில் உதவும் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். கணிப்புக்கும் பிறகு பன்றி உண்மையில் போட்ட குட்டி எண்ணிக்கைக்கும் ஒப்புறவு (இரண்டும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) 0.2 என்று யாராவது காட்டினால், வங்கிப் பழக்கத்தில் குப்பை என்று தள்ளிவிடுவீர்கள். அவசரப்பட வேண்டாம். நாம் கணிக்க நினைத்தது இனவிருத்தி மதிப்பை, ஒப்பிட்டது வெயிலும் தீவனமும் கலந்த ஒற்றைப் பதிவோடு. மரபுத்திறன் 0.1 என்றால் அதன் வர்க்கமூலம் 0.32. 0.2ஐ அதால் வகுத்தால் 0.63. குட்டி எண்ணிக்கைக்கு அது மிக நல்ல துல்லியம். எதிர்ப்பக்கத்தில், 0.9 என்று காட்டினால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் தரவைக் குருட்டாம்போக்கில் ஐந்தாகப் பிரித்துச் சோதித்திருப்பார்கள். அக்கா பயிற்சித் தரவில், தங்கை சோதனைத் தரவில் இருந்தால், மாதிரி குடும்பத்தை அடையாளம் கண்டு மதிப்பெண் வாங்கிவிடும். பழைய தலைமுறைகளில் பயிற்சி கொடுத்து, அதற்குப் பிறகு பிறந்தவற்றில் சோதிப்பதே நேர்மையான வழி. பண்ணையில் நடப்பதும் அதுதானே.

நியூரல் நெட்வொர்க் பற்றிக் கேட்டீர்கள். படித்துக்கொள்வது நல்லது, ஆனால் அதுதான் நுழைவுச் சீட்டு என்று நினைக்காதீர்கள். இதுவரை வந்த ஒப்பீடுகளில் பெரும்பாலும் நேரியல் மாதிரிகள் (மேலே சொன்ன ரிட்ஜ், ஜிபிஎல்யூபி வகை) தோற்கவில்லை. சில குணங்களில் மற்றவை கொஞ்சம் முந்துகின்றன, அடுத்த மந்தையில் அந்த முந்தல் காணாமல் போகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நம்பிக்கையாகப் போய்ச் சேருவது கூட்டல் விளைவுதான், அதை நேரியல் மாதிரி நன்றாகவே பிடிக்கிறது. பன்றி நொண்டுகிறதா, எவ்வளவு நேரம் தீவனத் தொட்டியில் நிற்கிறது, ஒன்றையொன்று வாலைக் கடிக்கிறதா என்று கேமராவில் பார்த்துப் பதிவு செய்வதில் ஆழ்கற்றலுக்கு நல்ல வேலை இருக்கிறது. என் கணிப்பில் உங்கள் தலைமுறையின் பெரிய பங்களிப்பு அங்கேதான் இருக்கும்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் டிஎன்ஏ மலிவாகிக்கொண்டே போகிறது. பண்ணையில் எண்ணி, எடைபோட்டுச் சரியாகக் குறித்து வைப்பது மலிவாகவில்லை. எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பண்ணையிலிருந்து ஒரு தொகுதி காதுச் சதை மாதிரிகள் வந்தன. 96 குழி கொண்ட தட்டுகளில் வரிசையாக வைத்து சிப் பார்த்து எண்கள் வந்துவிட்டன. பார்த்தால் ஒரு தட்டில் மட்டும் எந்தக் குட்டிக்கும் அதன் தாய் ஒத்துவரவில்லை. தாயிடம் இரண்டு பிரதியும் 'ஏ'வாக இருக்கும் இடத்தில் குட்டியிடம் இரண்டும் 'பி'யாக இருக்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கான இடங்களில். பெற்ற தாயாக இருக்க வழியே இல்லை. இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். கடைசியில் பழைய காகிதத்தில் 8 வரிசை, 12 பத்தி என்று கட்டம் வரைந்து, பென்சிலால் ஒவ்வொரு குழியையும், அதில் வந்த டிஎன்ஏவுக்குப் பொருந்தும் தாயின் குட்டி இருந்திருக்க வேண்டிய குழியோடு கோடு போட்டு இணைத்தேன். எல்லாக் கோடும் கட்டத்தின் நடுப்புள்ளி வழியே போயின. யாரோ தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் குழி கடைசிக் குழியாகியிருந்தது. தாய் சேய் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லாதிருந்தால் அந்த 96 குட்டிகளிலும் தப்பான குட்டிகளை மூலப் பண்ணைக்கு, அதாவது அடுத்த தலைமுறைக்கான பெற்றோரை வைத்திருக்கும் பண்ணைக்கு, தேர்ந்தெடுத்திருப்போம், எந்த மென்பொருளும் புகார் சொல்லியிருக்காது.

அதைவிடப் பெரிய விஷயம் எதை எண்ணுகிறோம் என்பது. பல வருடம் உலகம் முழுக்க 'மொத்தம் பிறந்த குட்டி' என்ற எண்ணை வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். எண் ஏறியது. கூடவே பலவீனமான குட்டிகளும், தாய் படுக்கும்போது நசுங்கிச் சாகும் குட்டிகளும் கூடின. டென்மார்க் 2004இல் எண்ணிக்கையையே மாற்றியது: ஐந்தாம் நாள் உயிரோடிருக்கும் குட்டிகள் எத்தனை என்று கேட்க ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு மாற்றத்துக்குப் பல கணித மேம்பாடுகள் ஈடாகாது. என் அம்மாவுக்கு நான் செய்யும் வேலை ரொம்ப நாள் புரியவில்லை, கம்ப்யூட்டர் வேலை என்றே சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் பதினெட்டுக் குட்டி போட்ட பன்றியின் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். ஊரில் ஆடும் மாடும் வளர்த்தவர். படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பதினாலு காம்புதானேப்பா இருக்கு, மிச்ச நாலும் எங்க போய்க் குடிக்கும்?" என்றார். காம்பு எண்ணிக்கைக்கு மரபுத்திறன் குட்டி எண்ணிக்கையைவிட நன்றாகவே அதிகம், பிறந்த அன்றே எண்ணிவிடலாம், ஆண் குட்டியிலும் எண்ணலாம். இன்று பல தாய்வழித் திட்டங்களில் அது சேர்ந்திருக்கிறது.

இனி சந்தேகமான பகுதி. தேர்வு நடப்பது மூலப் பண்ணையில்: தூய இனம், குளித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும், நோய் கிடையாது, தீவனம் அளந்து போடுவார்கள். சந்தைக்குப் போவதோ லேண்ட்ரேஸும் லார்ஜ் ஒயிட்டும் கலந்த தாய்க்கும் டூராக் அல்லது பீட்ரேன் ஆண் பன்றிக்கும் பிறந்த கலப்புக் குட்டி. அது வளர்வது சாதாரணப் பண்ணையில், நம் பக்கமென்றால் 30 டிகிரி வெயிலும் ஈரமும் நிறைந்த கொட்டகையில். மூலப் பண்ணையில் முதலிடம் பிடித்த ஆண் பன்றியின் பிள்ளைகள் அங்கேயும் முதலிடம் பிடிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மரபு ஒப்புறவு ஒன்றைவிடக் குறைவு, குணத்துக்குக் குணம் மாறும். கலப்புக் குட்டிகளின் பதிவையும் டிஎன்ஏவையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி சுருங்கும் என்பது கோட்பாட்டில் தெளிவு, செலவுக்குத் தகுந்த பலன் உண்டா என்பது பண்ணைக்குப் பண்ணை வேறு. வெயிலைத் தாங்கும் மரபு என்று விற்பவர்களிடம், எந்த ஊர்க் கொட்டகையில் அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

ஓர் இனத்தில் பழக்கிய மாதிரி இன்னொரு இனத்துக்குச் சரியாக வராது என்பதும் முக்கியம். சிப்பில் இருப்பவை காரணமான மரபணுக்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. யார் பக்கத்தில் யார் குடியிருக்கிறார் என்பது இனத்துக்கு இனம் மாறும். மனிதரிலும் இதே கதைதான்: ஐரோப்பியத் தரவில் உருவான நோய் அபாய மதிப்பெண்கள் நமக்கு அவ்வளவு பொருந்துவதில்லை. 2019இல் இங்கே சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று ஏறத்தாழ 4,800 பேரின் மரபணுத்தொகையைப் படித்து எஸ்ஜி10கே ஆய்வை வெளியிட்டதன் தேவை அதுவே. ஒரே இனத்துக்குள்ளும் தலைமுறை போகப் போகக் கணிப்பு மங்கும். புதுப் பதிவுகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், ஒருமுறை பழக்கிவிட்டு விற்கும் சரக்கு இல்லை இது. இன்னொரு ஆபத்து, நல்ல மதிப்பெண் வாங்கும் குட்டிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாகவே இருக்கும், கவனிக்காமல் விட்டால் உறவுக்குள் இனச்சேர்க்கை சீக்கிரம் ஏறிவிடும். அதைக் கட்டுப்படுத்தும் கணக்கு முறைகள் நிலைத்துவிட்டன, பயன்படுத்துகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

நோய் எதிர்ப்பைப் பற்றி ஸ்லைடில் இருந்தால் நிதானமாகப் படியுங்கள். தாய்ப் பன்றிக்குக் கருச்சிதைவும் குட்டிகளுக்கு மூச்சுத் திணறலும் தரும் பிஆர்ஆர்எஸ் வைரஸில், நாலாம் குரோமோசோமின் ஒரு பகுதி ரத்தத்தில் வைரஸின் அளவோடும் எடை கூடுவதோடும் தொடர்புடையது என்பது 2012இல் வெளியாகி, பிறகும் பலமுறை உறுதியானது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேறு கதை. 2023 ஏப்ரலில் இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து வந்த பன்றிகளில் அது கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்து வரும் உயிர்ப் பன்றி இறக்குமதியை சிங்கப்பூர் உணவு அமைப்பு நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். நம் மொத்தப் பன்றி இறைச்சியில் ஏறத்தாழ 15 சதவீதம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தீவிர வகை வைரஸ் புகுந்தால் மந்தையில் கிட்டத்தட்ட எல்லாமே செத்துவிடும். எல்லாமே சாகும் இடத்தில் தேர்ந்தெடுக்க வேறுபாடு ஏது? அதற்கு எதிராக இந்த முறையை யாராவது விற்றால் வாங்காதீர்கள், அங்கே வேலி, காலணி, லாரி கழுவுவது இவைதான் காப்பாற்றும். அப்புறம், பிஆர்ஆர்எஸ் வராத பன்றிக்கு 2025இல் அமெரிக்கா அனுமதி கொடுத்ததே என்று கேட்பீர்கள். அது மரபணுத் திருத்தம், டிஎன்ஏவை வெட்டி மாற்றுவது. நாம் பேசிக்கொண்டிருப்பது இருப்பதைப் படித்துத் தேர்ந்தெடுப்பதை மட்டும்.

சிங்கப்பூரில் எதற்கு என்ற கேள்விக்குச் சுருக்கமாக. பொங்கோல் பக்கம் ஒருகாலத்தில் பன்றிப் பண்ணைகள் நிறைந்திருந்தன. 1984இல் அவற்றை மூடுவதென்று அரசு முடிவெடுத்தது, நிலமும் தண்ணீரும் நாற்றமும் காரணம். ஆனால் இந்த வேலையில் பன்றி ஓர் ஊரிலும் கணக்கு இன்னோர் ஊரிலும் இருப்பது புதிதில்லை. சிப் முடிவுகள் கோப்பாக வருகின்றன, வாரா வாரம் மதிப்பெண்கள் கோப்பாகவே போகின்றன. பன்றி வேண்டாம் என்று வீட்டில் யாருக்காவது தயக்கமிருந்தால், இதே கணக்கு கோழிக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் ஓடுகிறது. இங்கேயே தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் கொடுவா மீனைத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்யும் வேலை பல வருடமாக நடக்கிறது.

ஆக, போங்கள். ஆனால் அவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பயிற்சித் தரவில் எந்த இனம், எத்தனை விலங்குக்குப் பதிவும் டிஎன்ஏவும் இரண்டும் இருக்கின்றன, சோதனையில் பிறந்த வருட வரிசையைக் காத்தார்களா என்று. நாலாவதாக, முதல் மாதத்திலேயே பண்ணைக்கு அனுப்புவீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். அனுப்பினால், குட்டிக்கு எடைபோடும் நாளாகப் பார்த்துப் போய் எடைக்கூண்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். குட்டி துள்ளும்போது திரையில் எண் ஏறி இறங்கும், எந்த எண்ணைக் குறிப்பது என்று அந்தப் பணியாளர் எப்படி முடிவெடுக்கிறார் என்று கவனியுங்கள். வெளியே வரும்போதும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிக்கத்தான் போகிறீர்கள், இருந்தாலும் தலைமுடியில் வாசம் நிற்கும். வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஆர்டியில் உங்கள் பக்கத்து இருக்கை மட்டும் ஜூரோங் ஈஸ்ட் வரை காலியாகவே வரும்.